பதினோரு மாதக் கணக்கு

வீட்டு புரோக்கர் மோசே கேட்பார்,
மொத்தம் எத்தனை பேர்?
ரெண்டு பேர், ஒரு மரம்.
மரம்னா எவ்ளோ பெருசு?
இப்போதைக்கு என் முழங்கால் உயரம்.
அது மூன்றாவது அக்ரிமெண்ட், காலாடிப்பேட்டை.

கப்பலேற விமானத்தில் வந்திறங்கிய
பிரேசில்காரன் ஒருவன்
துறைமுக வாசலில் எத்திராஜிடம் நெருப்பு வாங்கி
ஈரத்துணியில் சுற்றிய ஏழு பழம் தந்தான்.
ஜபோட்டிகாபா.
பெயரை உள்ளங்கையில் எழுதி வந்தார் இவர்.
வியர்வையில் பாதிதான் மிச்சம்.
நாவல் நிறம், நுங்கின் வழுக்கல்.
ஆறு பழத்தைக் கொட்டையோடு விழுங்கிவிட்டோம்.
ஏழாவதன் கொட்டை என் பல்லில் சிக்கியது.

காய்ந்தால் செத்துவிடும் விதை அது
என்பது பின்னால் தெரிந்த சேதி.
அன்றைக்கு மழை,
எதுவும் காயவில்லை, அவ்வளவுதான்.
ஐஸ்கிரீம் டப்பாவில் நார்த்தூள் போட்டுப் புதைத்தேன்.
நாற்பத்தொரு நாள் ஒன்றுமில்லை.
அப்புறம் ஒரே கொட்டையில் மூன்று முளை.
எதைக் கிள்ளுவதென்று நான் யோசித்த வாரத்தில்
இரண்டு தாமாகவே சுருண்டுகொண்டன.

போர் தண்ணீர் உப்பு.
இலை ஓரம் பீடி முனைபோல் கருகியது.
லாரித் தண்ணீரை மரத்துக்கு ஊற்றினால்
தெருவே சண்டைக்கு வரும்.
முனையிலிருந்த ஏ.டி.எம்.மின் ஏசிக் குழாயில்
நாளுக்கு ஒரு பக்கெட் சொட்டியது, உப்பில்லாமல்.
காசே எடுக்காமல் தினம் ஏ.டி.எம். போய்வந்தவள்
வடசென்னையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அக்ரிமெண்ட் பதினோரு மாதம்.
மரம் காய்க்க எட்டு வருஷமோ பதினைந்தோ.
இரண்டையும் வகுத்துப் பார்த்துவிட்டு
எத்திராஜ் பேப்பரை மடித்து வைத்தார்.

டப்பா, பெயிண்ட் வாளி, நீல டிரம்.
காலாடிப்பேட்டை, தண்டையார்பேட்டை, எர்ணாவூர்,
மறுபடி தண்டையார்பேட்டை.
ஒவ்வொரு தடவையும் மீன்பாடி வண்டி,
ஃப்ரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவில் மரம்.
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் போகும்வரை
வண்டிக்காரன் இலையைக் கிள்ளி முகர்ந்து
கொய்யாவா என்பான்.
ஆமாம் என்பேன். விளக்கினால் கேட் திறந்துவிடும்.

எர்ணாவூரில்
துணிமேல் விழுந்த சாம்பல் இலைமேலும் விழுந்தது.
ஈரத்துணியால் ஒவ்வொன்றாய்த் துடைத்தேன்,
நானூறுக்கு மேல் எண்ணவில்லை.
அங்கேதான் பட்டை முதல்முறை உரிந்தது.
செத்துப்போச்சு என்று இரண்டு நாள் சமைக்கவில்லை.
உள்ளே புதுத் தோல், வெளிர்ச் சந்தனம்.

பத்தாவது அக்ரிமெண்டின் கடைசி மாதம்
தண்டு முழுக்க வெள்ளைப் பஞ்சு.
மாவுப்பூச்சி!
சோப்புத் தண்ணீரும் பழைய பிரஷ்ஷும் எடுத்து
மேலிருந்து கீழே தேய்த்தேன், ஒழுங்காக,
எச்சில் பாத்திரம் தேய்ப்பதுபோல.
சுவர்ப் பக்கம் கை நுழையவில்லை,
டிரம்மை இழுத்துக் குனிந்தேன்.
வாசனை.
மாவுப்பூச்சிக்கு வாசனை கிடையாது.
ஊசி ஊசியாய் நரம்பு நீட்டி
கிளையில் அல்ல, இலையருகில் அல்ல,
நேராக மரத்தின் உடம்பிலேயே ஒரு பூ.
ஒன்றே ஒன்று.
பிரஷ்ஷில் எத்தனை என்று பார்க்கவில்லை.
கழுவி வைத்துவிட்டேன்.

இன்று தேதி பன்னிரண்டு.
பூ இருந்த இடத்தில் கடுகளவு பச்சை.
முப்பதுக்குள் காலி பண்ணச் சொல்கிறார்
ஹவுஸ் ஓனர் ஜெயசீலன்.
வண்டி தண்டவாளத்தில் ஒரு குலுக்கு குலுக்கினால்
உதிர்ந்துவிடும் சைஸ் அது.

இன்னும் பத்து நாள் கொடுங்க சார்,
அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க என்றேன்.
எதுக்கு என்றார்.
வீட்ல ஒருத்தருக்கு நாள் நெருங்குது.
அவர் என் வயிற்றைப் பார்த்தார்,
பிறகு காதோர நரையைப் பார்த்தார்.
ரொம்ப நேரம் கழித்து, பத்தாம் தேதிவரைக்கும் என்றார்.
அதற்குமேல் எதையும் கேட்கவில்லை.